அண்ணாவின் ரத்த ரிப்போர்ட்

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. அண்ணாவுக்குப் பெருங்குடல் புற்றுநோய் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, எழுந்து நடக்கிறார் என்று படித்ததும் நிம்மதி. ஆனால் ராத்திரி உட்கார்ந்து, அவருடைய ரத்த ரிப்போர்ட்டில் இரண்டு வகை வெள்ளை அணுக்களின் எண்ணிக்கையை, நியூட்ரோஃபிலை லிம்ஃபோசைட்டால் வகுத்து, "ஏழு வருகிறதே, இனி என்ன ஆகும்?" என்று கேட்டிருக்கிறாயே, அதை முதலில் நிறுத்துடா.

அந்த விகிதம் கட்டுக்கதை இல்லை. உடம்பில் அழற்சி ஓங்கினால் நியூட்ரோஃபில் கூடும், லிம்ஃபோசைட் குறையும். ஆபரேஷனுக்கு முன்பே விகிதம் அதிகமாக இருந்தவர்களை மொத்தமாகக் கணக்கெடுத்தால், சிகிச்சையின் பலன் கொஞ்சம் சுமார்தான் என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. எல்லைக்கோடுதான் நிலையாக இல்லை: ஒரு ஆய்வில் 3, இன்னொன்றில் 5. காய்ச்சல், ஸ்டீராய்டு மாத்திரை எதுவும் அதை ஏற்றிவிடும். அதோடு நீ பார்த்தது ஆபரேஷனுக்கு மறுநாள் எடுத்த ரத்தம். கத்தி பட்ட மறுநாள் யாருக்கு எடுத்தாலும் ஏறித்தான் இருக்கும். அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. என்ற ரத்தப் புரதமும் அப்படியே, இரண்டு மூன்று நாளில் உச்சிக்குப் போய் இறங்கும். நாலாம் நாளும் 150-க்கு மேலே நின்றால் குடலைத் தைத்த இடத்தில் கசிவோ என்று டாக்டர்கள் தேடுவார்கள். அண்ணாவுக்கு அதற்குள் இறங்கிவிட்டதே, அப்புறம் என்ன?

நீ பார்க்க வேண்டியது சி.இ.ஏ., கட்டி ரத்தத்தில் சுரக்கும் ஒரு புரதம். 1965-ல் மாண்ட்ரியலில் ஃபில் கோல்டும் சாமுவேல் ஃப்ரீட்மனும் கண்டுபிடித்தது. இன்றும் குடல் புற்றுநோய்க்காரர்களைக் கண்காணிக்க அதுதான் கைகொடுக்கிறது. ஆபரேஷனுக்கு முன்பு ஏறியிருந்தால், கட்டியை எடுத்த நாலிலிருந்து ஆறு வாரத்துக்குள் இயல்புக்கு வர வேண்டும். வராவிட்டால் எங்கோ மிச்சம் இருக்கலாம் என்று சந்தேகம். அதற்காக ஒரே ஒரு எண்ணை வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது. புகைபிடிப்பவர்களுக்குச் சும்மாவே கூடுதலாக இருக்கும், சில கட்டிகள் அதைச் சுரப்பதே இல்லை. முதல் இரண்டு வருஷம் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுத்து, போக்கு ஏறுகிறதா என்று பார்ப்பார்கள். ஒரே லேபில் எடுங்கள். லேபுக்கு லேப் முறை மாறும்.

எனக்கு உண்மையில் உற்சாகம் தருவது இன்னொன்று: ரத்தத்தில் மிதக்கும் கட்டியின் டி.என்.ஏ. துணுக்குகள். 2022-ல் வெளிவந்த டைனமிக் என்ற ஆஸ்திரேலிய ஆய்வில், அண்ணாவைப் போலவே இரண்டாம் கட்டக் குடல் புற்றுநோய் உள்ள 455 பேர். வழக்கமான முறையில் கீமோ பெற்றவர்கள் 28 சதவீதம். துணுக்கு தென்பட்டவர்களுக்கு மட்டும் கொடுத்தபோது 15 சதவீதம். இரண்டு வருஷம் கழித்து நோய் திரும்பாமல் இருந்தவர்கள் இரு பக்கமும் ஏறக்குறைய சமம். தேவையில்லாத கீமோவிலிருந்து எத்தனை பேர் தப்பினார்கள் பார்! இது அண்ணாவுக்குப் பொருந்துமா என்று அவருடைய டாக்டரிடம் கேள்.

இவை எல்லாவற்றையும் விட எடையுள்ள காகிதம், ஆபரேஷனில் வெட்டி எடுத்த குடலின் பயாப்சி ரிப்போர்ட். நோய் பரவியதா என்று எத்தனை நிணநீர்க் கணுக்களைப் பார்த்தார்கள் என்று அதில் இருக்கும்; குறைந்தது பன்னிரண்டு இருக்க வேண்டும். அதைத்தான் நீ எழுதவில்லை! போட்டோ எடுத்து அனுப்பு.

நான் சௌக்கியம். லேப் வேலையை விட்ட பிறகு பொழுது நிறைய. பேத்தி செஸ்ஸில் தோற்கடிக்கிறாள், அதுவும் இரக்கமே இல்லாமல். அண்ணாவிடம் நான் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ரகு