வழி சொன்னவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அணைக்கட்டு, ஒடுகத்தூர், ஆசனாம்பட்டு, ஆலங்காயம், காவலூர், ஜமுனாமரத்தூர், போளூர், படவேடு, கண்ணமங்கலம் ஆகிய ஊர்களிலும், அவற்றுக்கு இடையே பெயர்ப்பலகைகூட இல்லாத பல சிற்றூர்களிலும் வாழும் பெரியோர்களுக்கும் தாய்மார்களுக்கும் தம்பி தங்கையருக்கும், வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து நால்வர் எழுதும் வணக்கம்.

கடந்த மார்கழியின் கடைசி நாள்களில், முதுகில் பையும் கேரியரில் போர்வையுமாக உங்கள் ஊர் வழியே சைக்கிளில் போன ஐம்பது வயது கடந்த நான்கு பேரை உங்களில் சிலர் நினைவில் வைத்திருக்கக்கூடும். அந்த நால்வர் நாங்கள்தாம். நான்கு நாள்களில் சுமார் 200 கிலோமீட்டர் சுற்றி, போகியன்று மதியம் வீடு வந்து சேர்ந்தோம். நேரில் சொல்ல வேண்டிய நன்றியை எழுத்தில் சொல்லக் காரணம், உங்களில் பெரும்பாலோரின் பெயரைக்கூட நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை என்பதே. அது எங்கள் பிழை.

புறப்படும்போது எங்களுக்குள் ஒரே ஒரு நிபந்தனைதான் இருந்தது. சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையிலும் திருவண்ணாமலை நெடுஞ்சாலையிலும் முடிந்தவரை சக்கரம் படக்கூடாது. பின்னாலிருந்து லாரியின் ஹாரன் கேட்காத சாலையாகவே தேடிப் போக வேண்டும். இங்கிலாந்தில் பிரிஸ்டல், பாத் என்னும் இரு நகரங்களுக்கு இடையே கைவிடப்பட்ட இருப்புப்பாதையை 1979 முதல் 1986 வரை சிறிது சிறிதாகச் செப்பனிட்டு, சுமார் 21 கிலோமீட்டர் தூரத்துக்கு மோட்டார் வாகனமே வராத பாதையாக மாற்றியிருக்கிறார்கள். அப்படி ஒரு பாதை வடாற்காட்டில் இல்லையே என்று எங்கள் குழுவில் ஒருவர் ஆண்டுக்கணக்கில் அங்கலாய்த்துக்கொண்டிருந்தார். ஏரிக்கரை, ஊராட்சி ஒன்றியச் சாலை, மலையடிவாரத் தார்ச்சாலை என்று அது துண்டு துண்டாக ஏற்கெனவே இருக்கிறது என்பதும், துண்டுகள் எங்கே சேர்கின்றன என்பது உங்கள் வாயில்தான் இருக்கிறது என்பதும் முதல் நாளே எங்களுக்குப் புரிந்துவிட்டன.

முதல் நன்றி விரிஞ்சிபுரத்துக்கு. வழித்துணைநாதர் சன்னிதியில் தேங்காய் உடைத்துவிட்டுப் போக வேண்டும் என்பது என் மனைவியின் கட்டளை. மிளகு வணிகர் ஒருவருக்கு இறைவனே வழித்துணையாக வந்தார் என்பது அந்தத் தலத்தின் கதை. கோயிலுக்குள் நிழலைக் கொண்டு நேரம் காட்டும் கல்லைப் பார்த்துக்கொண்டு நின்ற எங்களிடம், பூ கட்டிக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவர், "இன்னா நைனா, பஸ்ஸுக்குக் காசு இல்லியா, இந்த வயசுல சைக்கிள்ல சுத்தறீங்க?" என்று கேட்டார். விளையாட்டாகக் கேட்கவில்லை, உண்மையாகவே இரக்கப்பட்டார். நாங்கள் விளக்கம் சொல்லி முடித்ததும், நெடுஞ்சாலைக்குத் திரும்பாமல் பாலாற்றின் தென்கரையோடு பள்ளிகொண்டா வரை போகும் வழியைக் கையிலிருந்த நாரால் தரையில் கோடு போட்டுக் காட்டினார். அந்தக் கோட்டில் ஒரு வளைவுகூடத் தவறவில்லை.

கைப்பேசியிலிருந்த வரைபடத்தை அந்த அளவுக்குப் பாராட்ட முடியாது. அணைக்கட்டைத் தாண்டியதும் அது காட்டிய குறுக்குவழி ஒரு கரும்புத் தோட்டத்தின் நடுவில் போய் நின்றுவிட்டது. வரப்பில் சைக்கிளைத் தோளில் சுமந்து திரும்பிக்கொண்டிருந்தபோது, மருந்து தெளித்துக்கொண்டிருந்த இளைஞர் ஒருவர் வேலையைப் போட்டுவிட்டு வந்து, தமது டிவிஎஸ் எக்ஸெல்லில் முன்னே மெதுவாகப் போய், கூட்ரோடு வரை எங்களை அழைத்துச் சென்று விட்டார். போகும்போது அவர் சொல்லிக்கொடுத்த ஒரு சூத்திரம் பயணம் முழுவதும் எங்களுக்கு உதவியது. மைல்கல்லின் தலை மஞ்சளாக இருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சையாக இருந்தால் மாநில நெடுஞ்சாலை. இரண்டையும் விட்டுவிட்டு ஆரஞ்சு நிறக் கல் எங்கே நிற்கிறதோ அங்கே திரும்புங்கள், அது கிராமத்துச் சாலை என்றார். நாங்களே கண்டுகொண்ட இன்னோர் அடையாளத்தையும் இங்கே சேர்க்கிறேன்: சாலையின் பாதியை அடைத்துக் கேழ்வரகோ கொள்ளோ காயப்போட்டிருந்தால், அந்தச் சாலையில் நாள் முழுவதும் தயக்கமின்றிப் போகலாம். ஒரேயோர் இடத்தில் ஓர் அம்மாள் காயப்போட்டிருந்த கேழ்வரகின் ஓரத்தில் என் பின்சக்கரம் ஏறிவிட்டது. திட்டு விழும் என்று இறங்கி நின்றேன். "ஏறினா நல்லதுதான், அப்படியே இன்னொருவாட்டி போய்ட்டு வா" என்றார் அந்த அம்மாள். நான் நான்கு முறை போய்வந்தேன்.

ஒடுகத்தூருக்கு முன்பு உத்தரகாவேரியின் தரைப்பாலத்தில் முழங்காலுக்குச் சற்றுக் கீழே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. மேலே ஏதோ ஓர் ஏரி கோடி போய்க்கொண்டிருந்ததாம். ஆழம் குறைவுதானே என்று நாங்கள் இறங்கப் பார்த்தபோது, மாடு ஓட்டிவந்த பெரியவர் ஒருவர் உரத்த குரலில் எங்களைத் தடுத்துவிட்டு, தாம் முன்னே இறங்கி, கைத்தடியால் ஒவ்வோர் அடியாகத் தட்டிப் பார்த்துக்கொண்டே நடந்தார். பாலத்தின் வலது ஓரத்தில் ஓரிடத்தில் தடி சட்டென்று பாதிவரை உள்ளே போயிற்று. அங்கே கான்கிரீட் பெயர்ந்து போயிருந்தது. மேலே தண்ணீர் சமமாக, அமைதியாக ஓடியது. அக்கரையில் அவர் கைகூப்பலைக்கூட எதிர்பாராமல் மாட்டைப் பிடிக்கத் திரும்பிப் போய்விட்டார். ஐயா, அந்தக் குழியில் முதலில் விழுந்திருக்கவேண்டியவன் நான்தான். என் சைக்கிள்தான் முன்னால் நின்றது.

ஆசனாம்பட்டு சாலையில் என் பின்சக்கரத்தின் ஸ்போக்ஸ் கம்பி ஒன்று, பல்சக்கரம் இருக்கும் பக்கமாகப் பார்த்து அறுந்தது. சைக்கிள் பழகியவர்களுக்கு இதன் தொல்லை தெரியும். அந்தப் பக்கத்துக் கம்பியை மாற்ற வேண்டுமென்றால் பல்சக்கரத்தைக் கழற்ற வேண்டும். என் வண்டியின் பல்சக்கரத்தைக் கழற்றுவதற்கென்று தனிச் சாவி வேண்டும். அது வேலூரில் வீட்டு அலமாரியில் இருந்தது. ரிம் கோணிக்கொண்டு பிரேக் கட்டையில் உரச, இரண்டு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு போன பிறகு, புளியமரத்தடியில் ஒரு சைக்கிள் கடை தென்பட்டது. பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசு வழங்கும் விலையில்லா சைக்கிள்கள் ஏழெட்டு வரிசையாகச் சாய்ந்து நின்றன. கடைக்காரர் என் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார். சாவி இல்லை என்றார். சிறிது நேரம் பேசவில்லை. பிறகு அளவில் நீண்ட ஒரு கம்பியை எடுத்து, அதன் தலையை வெட்டி எறிந்துவிட்டு, முனையைக் குறடால் மேலே ஒரு மடிப்பு, பக்கவாட்டில் ஒரு மடிப்பு என்று தூண்டில் போல வளைத்து, பல்சக்கரத்தைத் தொடாமலேயே அதன் பின்னாலிருந்த துளையில் கொக்கியாக மாட்டிவிட்டார். சாக்கட்டியைச் சட்டத்தில் ஊன்றிப் பிடித்து, சுழலும் ரிம்மில் அது எங்கே கோடு போடுகிறதோ அங்கே கம்பியை ரிம்மோடு இறுக்கும் நிப்பிளை அரைச்சுற்று முடுக்கிக் கோட்டம் எடுத்தார். கோடு சக்கரம் முழுவதும் ஒரே சீராக விழுந்ததும் எழுந்தார். 100 ரூபாய் நீட்டினேன். 30 எடுத்துக்கொண்டு மீதியைக் கையில் திணித்தார். வேலூருக்கு வந்தபின் முறைப்படி கம்பியை மாற்றச் சொன்னார். அண்ணா, மலையேறி இறங்கி வந்த பின்னும் அது இம்மியும் தளரவில்லை. ஆகவே இன்னும் மாற்றவில்லை.

ஆலங்காயத்திலிருந்து ஜவ்வாது மலை ஏறும் சாலையைப் பற்றி எழுதத் தொடங்கினால் இது மடலாக இராது. 2.34 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கியைக் காவலூரில் ஏன் வைத்தார்கள் என்று அந்த இரவில் தலையை அண்ணாந்து பார்த்தபோது தெரிந்தது. விளக்கு இல்லாத ஊருக்கு வண்டியும் அதிகம் வருவதில்லை. ஏற்றத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்த இரண்டு மணி நேரத்தில் எங்களைக் கடந்தவை ஒரு பேருந்தும் மூன்று பைக்குகளும் மட்டுமே. இருட்டினால் கரடி நடமாட்டம் உண்டு, ஆறு மணிக்குள் ஊருக்குள் போய்விடுங்கள் என்று வழியில் நிறுத்தி எச்சரித்த வனக் காவலருக்கு நன்றி. அதன்படியே வழியிலிருந்த ஒரு மலைக் குடியிருப்பில் ஒதுங்கினோம். முன்பின் தெரியாத எங்களுக்குத் திண்ணையை ஒழித்துக் கொடுத்து, சாமைச் சோறும் புளிக்குழம்பும் போட்டு, குளிருக்கு அடுப்புக் கங்கைச் சட்டியில் வைத்துக் கொடுத்த குடும்பத்துக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

மலையிறங்கி, செண்பகத்தோப்பு அணையைப் பார்த்துவிட்டுப் படவேட்டில் ரேணுகாம்பாளைத் தரிசித்து, கண்ணமங்கலம் வரை நெடுஞ்சாலைக்கு மேற்கேயே ஊர்ந்து வந்தோம். நாய் துரத்தினால் வேகமாக மிதிக்காதீர்கள், இறங்கித் தள்ளிக்கொண்டு நடங்கள், அது திரும்பிப் போய்விடும் என்று சொன்ன ஏழாம் வகுப்புச் சிறுவனே, நீ சொன்னது சரி. காசு வாங்காமல் நுங்குக்குப் பதிலாகப் பனங்கிழங்கு வெட்டித் தந்தவருக்கும், தேநீர்க் கடை பெஞ்சில் எங்களுக்காக எழுந்து நின்றவர்களுக்கும் வணக்கம். ஒரு விடுதியில் மட்டும் சைக்கிளை வாசலில் விட்டால்தான் அறை என்றார்கள்; அதை மறந்துவிட்டோம்.

இந்த வழியில் இன்று வேலூர், திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று மூன்று மாவட்டங்கள் வருகின்றன. 1989 வரை அத்தனையும் ஒரே வடாற்காடு. எல்லை மாறியதைப் பலகையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம். "வாங்கண்ணா, தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்பது எங்கும் மாறவில்லை.

இறுதியாக ஒரு வேண்டுகோள். மலைக் குடியிருப்பிலிருந்து காலையில் கிளம்பியபோது, அந்த வீட்டு அம்மாள் ஓர் எவர்சில்வர் தூக்கில் புளிச்சோறு கட்டிக் கொடுத்தார். தூக்கு எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. மூடியில் புள்ளி புள்ளியாக ஒரு பூவும், தேய்ந்துபோன இரண்டு எழுத்துகளும் பொறித்திருக்கின்றன. பங்குனியில் புளி உலுக்கும் நாளில் மலைக்கு வந்து திருப்பித் தர எண்ணியுள்ளோம். பிறர் வீட்டுப் பாத்திரத்தை வெறுமையாகத் தரக்கூடாது அல்லவா? ஆற்காடு மக்கன் பேடா வைக்கலாம் என்கிறார் என் மனைவி. இலவம்பாடி முள் கத்திரிக்காய்தான் குழம்புக்கு ஆகும் என்கிறார் நண்பர். ஆலங்காயம், காவலூர் பக்கத்தவர் எவரேனும் இம்மடலைப் படித்தால், மார்கழிக் கடைசியில் திண்ணையில் நால்வர் படுத்திருந்த அந்த வீட்டில், தூக்கு பத்திரமாக இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
நால்வர் சார்பில்,
பின்சக்கரத்தில் கொக்கிக் கம்பி மாட்டியவன்
சத்துவாச்சாரி, வேலூர்