எல்லா முதுகுவலிக்கும் புத்தகப் பையா காரணம்?

ஆசிரியருக்கு வணக்கம்.

பள்ளி மாணவர்களின் முதுகுவலிக்குப் புத்தகப் பையின் சுமையே காரணம் என்று தங்கள் நாளிதழில் வந்த செய்தி பாதிதான் சரி. மாணவரின் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கைப் பை தாண்டக்கூடாது என்கிறது மத்திய அரசின் 2020-ஆம் ஆண்டு பள்ளிப் பை கொள்கை. அதைக் கடைப்பிடிக்க வேண்டியதுதான். ஆனால் பையால் வரும் வலி ஞாயிற்றுக்கிழமை குறையும். மே மாத லீவில் காணாமல் போகும். லீவிலும் விடாமல் நாலு வாரம், ஆறு வாரம் என்று இழுத்துக்கொண்டே போனால் வேறு காரணத்தைத் தேட வேண்டும்.

தேடலை ஸ்கேனில் தொடங்கக் கூடாது. வலி எப்போது வருகிறது, எதைச் செய்தால் கூடுகிறது என்று பிள்ளையிடம் பொறுமையாகக் கேட்டாலே பாதி விடை கிடைத்துவிடும்.

பந்து வீசும்போதும் பின்னால் வளையும்போதும் கூடி, ஓய்வெடுத்தால் அடங்கும் வலியென்றால் எலும்பில் ‘ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர்’, அதாவது திரும்பத் திரும்பச் சுமை விழுவதால் வரும் விரிசல், இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 2019-இல் பும்ராவை ஆட்டத்திலிருந்து ஒதுக்கி வைத்ததும் கீழ்முதுகில் வந்த ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர்தான். வேகப்பந்து வீசும் பையன்களுக்கும், ஜிம்னாஸ்டிக்ஸ் செய்யும் பெண்பிள்ளைகளுக்கும் இடுப்புப் பகுதியின் ஐந்தாம் முள்ளெலும்பில், பின்பக்கமுள்ள குறுகலான பகுதி திரும்பத் திரும்ப வளைந்து முறுக்கப்படுவதால் விரிசல் விடுகிறது. வலக்கையால் வீசுபவனுக்குப் பெரும்பாலும் இடப்பக்கம்தான் வலிக்கும். இடது காலில் மட்டும் நிற்கவைத்துப் பின்னால் வளையச் சொன்னால் அதே இடத்தில் சுரீரென்று வலிக்கலாம். வலிக்கவில்லை என்பதற்காக விரிசல் இல்லை என்று முடிவுகட்டிவிடக் கூடாது. ஆரம்ப விரிசல் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவது சகஜம். எம்.ஆர்.ஐ.யில் எலும்புக்குள் நீர்கோத்திருப்பது தெரியும். கதிர்வீச்சு அதிகம் என்பதால் சி.டி. ஸ்கேனை அவசியமானால் மட்டும் எடுக்கலாம். குறைந்தது மூன்று மாதம் பந்தைத் தொடக்கூடாது. பிறகு வயிறு, இடுப்புத் தசைகளுக்குப் பயிற்சி கொடுத்துப் படிப்படியாகத்தான் ஆட்டத்துக்குத் திரும்ப வேண்டும். வலி மாத்திரை போட்டுக்கொண்டு டோர்னமென்ட் ஆடினால் இரு பக்கமும் விரிந்து, எலும்பு முன்னோக்கி நகரக்கூடும். அப்படி நகர்ந்திருக்கிறதா என்று பார்க்கப் பக்கவாட்டு எக்ஸ்ரேயை நிற்கவைத்து எடுக்க வேண்டும். படுக்கவைத்து எடுத்தால் சில சமயம் எலும்பு தன் இடத்துக்கே வந்து ஏமாற்றிவிடும்.

நம் நாட்டில் மறக்கவே கூடாதது முதுகெலும்பு டி.பி. ராத்திரியிலும் ஓயாத வலி, மாலை நேரக் காய்ச்சல், எடை குறைதல், கீழே கிடக்கும் பேனாவைக் குனிந்து எடுக்காமல் முழங்காலை மடக்கி உட்கார்ந்து எடுப்பது, இவை அதன் அடையாளங்கள். காய்ச்சலே இல்லாமலும் வரும். இருமல் இல்லாமலும் இருக்கலாம், நெஞ்சு எக்ஸ்ரே சுத்தமாகவும் இருக்கலாம். முதுகெலும்பு மூன்றில் ஒரு பங்காவது கரைந்த பிறகுதான் சாதாரண எக்ஸ்ரேயில் தெரியும் என்பதால், ‘எக்ஸ்ரே நார்மல்’ என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவது ஆபத்து. உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் ரத்தப் பரிசோதனைகளான இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. கூடியிருந்தால் எம்.ஆர்.ஐ. எடுத்து, பாதித்த இடத்திலிருந்து ஊசி வழியே சதை எடுத்து, டி.பி. கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். அரசு மருத்துவமனைகளில் டி.பி. மருந்து இலவசம், எலும்பு டி.பி.க்குக் குறைந்தது 12 மாதம் தொடர வேண்டும். இதற்கு நடுவில் காய்ச்சலுக்கென்று மருந்துக் கடையில் வாங்கிப்போடும் லீவோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக், டி.பி. கிருமியையும் கொஞ்சம் அடக்கிவைத்து, பரிசோதனை முடிவைக் குழப்பிவிடும். ‘வாயுப் பிடிப்பு’ என்று போடும் ஸ்டீராய்டு ஊசி இன்னும் மோசம்: டி.பி.யை வளரவிடும், ரத்தப் புற்றுநோயையும் சில வாரம் மறைத்துவைக்கும். காரணம் தெரியும் முன் சுளுக்கு வழிப்பதும் வேண்டாம்.

காலையில் எழுந்ததும் அரைமணி நேரத்துக்கு மேல் முதுகு விறைத்திருந்து, நடமாடினால் இளகி, ஓய்வெடுத்தால் கூடுகிறதா? இது மூட்டு அழற்சியால் வரும் வாத வகை. குதிகால் வலி, முழங்கால் வீக்கம், கண் சிவப்பு கூடவே வரலாம். இங்கே அடிக்கடி நடக்கும் கோளாறு, இடுப்பு முதுகுக்கு மட்டும் எம்.ஆர்.ஐ. எழுதிக் கொடுப்பது. நோய் தொடங்குகிற எஸ்.ஐ. மூட்டு (முதுகெலும்பின் அடிப்பகுதி இடுப்பெலும்போடு சேரும் இடம்) அதில் சரியாக விழாது. தனியாகக் கேட்டு எழுத வேண்டும். ரத்தத்தில் பார்க்கும் மரபணு அடையாளமான எச்.எல்.ஏ.-பி27 பாசிட்டிவ் என்பது மட்டும் நோய்க்கு ஆதாரம் ஆகாது. நோயில்லாத பலருக்கும் அது உண்டு.

ராத்திரியில் எழுப்பி, ஐபுப்ரோஃபென் போட்டதும் மாயமாய் மறையும் வலி, சிறிய எலும்புக் கட்டியாக இருக்கலாம். முதுகு பக்கவாட்டில் வளைவது பொதுவாக வலிப்பதில்லை. வளைவோடு கடும் வலியும் இருந்தால் வளைவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

இதையெல்லாம் படித்துவிட்டு எல்லாப் பிள்ளைகளையும் ஸ்கேன் சென்டருக்கு இழுத்துப் போகவும் வேண்டாம். பெரும்பாலான வலி தசை சார்ந்தது. வலியே இல்லாத பிள்ளைகளுக்கும் எம்.ஆர்.ஐ.யில் ‘டிஸ்க் பல்ஜ்’ (முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள தட்டு சற்றுப் பிதுங்கியிருப்பது) என்று வரலாம். அதைப் பிடித்துக்கொண்டு மாதக்கணக்கில் பெல்ட் போட்டுப் படுக்கவைத்தால் தசை இளைத்து வலி கூடத்தான் செய்யும். காலில் பலம் குறைந்தாலோ, சிறுநீர், மலம் கட்டுப்பாடின்றிப் போனாலோ, சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போனாலோ நாளைக்குப் பார்க்கலாம் என்ற பேச்சே கூடாது. அன்றைக்கே எம்.ஆர்.ஐ. வசதியுள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

எலும்பு மூட்டு மருத்துவர் ஒருவர்,
திருச்சி.