நூருவுக்கு: பீரோவில் இருந்த துப்பாக்கி

தொண்டி
ஆடி மாதம்

அன்புள்ள நூருவுக்கு,

கடிதம் கிடைத்தது. அங்கே ஆஸ்திரேலியாவில் குளிரில் விரல் மடங்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். இங்கே ஆடிக் காற்று மணலை வாரி அடுப்படி வரைக்கும் கொண்டுவந்து கொட்டுகிறது. தடைக்காலம் முடிந்தும் மீன் விலை இறங்கவில்லை. பாம்பன் புதுப் பாலத்தில் ரயில் ஓடுகிறது, நீ வரும்போது ராமேஸ்வரத்துக்கு அதிலேயே போகலாம். குண்டு மிளகாய் ஒரு கிலோ காயவைத்து எடுத்து வைத்திருக்கிறேன். யாராவது ஊருக்கு வந்து திரும்பினால் சொல், கொடுத்து விடுகிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் தெருக்காரர் ஒருவரின் துப்பாக்கி லைசென்ஸை மனைவி சம்பந்தப்பட்ட புகாரில் போலீஸ் ரத்து செய்ததையும், அவர் தீர்ப்பாயத்தில் மறுபரிசீலனை கேட்டிருப்பதையும் எழுதியிருந்தாயே, அதை இரண்டு தடவை படித்தேன். காரணம், இப்போது என் மேசை மேலும் அதே மாதிரி ஒரு வழக்குக் கட்டு இருக்கிறது. ஊரும் பேரும் சொல்லமாட்டேன்.

ஆள் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். நம் மாவட்டத்தில் இப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர் என்று உனக்கே தெரியும். சொந்த லைசென்ஸில் இரட்டைக் குழல் துப்பாக்கி வாங்கி, அதைக் காட்டித்தான் வங்கியில் காவலர் வேலைக்குச் சேர்ந்தார். லைசென்ஸ் போனால் வேலையும் போச்சு. மனைவி ஒருநாள் மகளிர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தாள். புகார் வந்ததற்கு சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் போட்டு, இரண்டு பேரையும் உட்காரவைத்துப் பேசி, சமரசம் என்று எழுதி வாங்கி அனுப்பிவிட்டார்கள். எஃப்.ஐ.ஆர். இல்லை. பிறகு அவளுடைய அண்ணன் கலெக்டருக்கு மனு போட, போலீஸ் அறிக்கை கேட்டு, லைசென்ஸ் ரத்தானது. இப்போது கணவர் அப்பீல் போட்டிருக்கிறார்.

போன வாரம் அவளே என்னிடம் வந்தாள், கையில் டைப் செய்த ஒரு தாளோடு. ‘என் கணவரால் எனக்கு எந்த அச்சமும் இல்லை, உரிமத்தைத் திருப்பித் தர ஆட்சேபணை இல்லை’ என்று இருந்தது. கணவரின் வக்கீல் ஆபீஸில் அடித்துக் கொடுத்தது. “கையெழுத்துப் போடலாமா அக்கா?” என்றாள். போடு என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. துப்பாக்கி வீட்டில் எங்கே இருந்தது என்று மட்டும் கேட்டேன்.

பீரோவில், அவள் சேலைகளுக்குக் கீழே. அவர் ஒருநாளும் அவளை நோக்கிக் குறி வைத்ததில்லையாம். ஆனால் சண்டை வந்த ராத்திரிகளில் சேலைகளை ஒதுக்கி அதை எடுத்து, பாய் விரித்து உட்கார்ந்து, குழலை மடக்கித் திறந்து, பழைய பனியன் துணியில் எண்ணெய் தொட்டுத் துடைப்பாராம். பேச்சே கிடையாது. தோட்டா டப்பா பக்கத்தில் இருக்கும். பிள்ளைகள் தூங்கிவிட்டார்களா என்று ஒரு தடவை கேட்பாராம். அவ்வளவுதான்.

நூரு, இதில் ஒரு வார்த்தைகூடப் புகாரில் இல்லை. ‘கணவன் மனைவி வாய்த் தகராறு’ என்று எழுதியிருக்கிறார்கள். ரத்து உத்தரவிலும் இல்லை. போலீஸ் அறிக்கைப்படி பொது அமைதிக்குக் குந்தகம் என்று ஒன்றரைப் பக்கம், அதில் ஒரு பக்கம் பார்வை எண்கள். இந்த உத்தரவு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வரை போனால் நிற்காது என்பது என் கணிப்பு. 1959 ஆயுதச் சட்டத்தின் 17வது பிரிவு, பொது அமைதிக்கோ பாதுகாப்புக்கோ தேவை என்றாலும், எந்தக் காரணத்தாலாவது ஆள் தகுதியற்றவர் என்றாலும் ரத்து செய்ய விடுகிறது. ஆனால் காரணத்தை எழுத வேண்டும். வெறுமனே வழக்கு நிலுவையில் இருப்பதை வைத்து ரத்து செய்யக் கூடாது என்று அலகாபாத் உயர் நீதிமன்றம் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது. இங்கே வழக்கே இல்லை. அவருடைய வக்கீல் அதைத்தான் பிடித்துக்கொள்வார். நான் அந்தப் பக்கம் இருந்தாலும் அதைத்தான் பிடிப்பேன்.

எனக்குக் கோபம் வேறு இடத்தில். அப்பீல் அவருக்கும் அரசுக்கும் நடுவில் நடப்பது. 18வது பிரிவு, அப்பீல் செய்தவரைக் கேட்காமல் முடிவு செய்யக் கூடாது என்கிறது. நியாயம்தான். ஆனால் அந்தப் பீரோவைத் தினமும் திறந்து மூடியவளைக் கேள் என்று எங்கேயும் எழுதவில்லை. அவள் அங்கே கட்சிக்காரியே இல்லை. அவள் பெயரில் உள்ளே போகப்போவது இந்த டைப் அடித்த தாள் ஒன்றுதான். அதைக்கூட அவள் பொய்யாக எழுதிக் கொடுக்கவில்லை, தெரியுமா? சம்பளம் நின்றுபோய், பள்ளிக்கூட ஃபீஸுக்குக் கழுத்துச் சங்கிலி அடகுக்குப் போயிருக்கிறது. அவளுக்கு இன்றைக்குப் பெரிய பயம் அரிசிக் கடைக்காரர்.

குற்றம் நிரூபணமாகவில்லையே என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இது. தேர்தல் அறிவித்ததும் லைசென்ஸ்காரர்களைத் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்கிறார்களே, யார் மேலாவது குற்றம் நிரூபணமாகியா? (வங்கிக் காவலர்களுக்கு விலக்கு கொடுப்பதுண்டு, அது வேறு.) ஊர் அமைதிக்கு முன்னெச்சரிக்கை போதும், வீட்டு அமைதிக்கு மட்டும் தீர்ப்பு நகல் வேண்டுமாம். இங்கிலாந்தில் பிளைமவுத்தில் 2021 ஆகஸ்டில் நடந்தது உனக்கு நினைவிருக்கும். தாக்குதல் புகாரில் வாங்கி வைத்த துப்பாக்கியைப் போலீஸ் திருப்பிக் கொடுத்துச் சில வாரங்களில் அந்த ஆள் பெற்ற தாயையும் இன்னும் நான்கு பேரையும் சுட்டுக் கொன்றான்.

துப்பாக்கி விஷயத்தில் உங்கள் நியூ சவுத் வேல்ஸ் மாநிலச் சட்டம் பரவாயில்லை. டாஸ்மேனியாவின் போர்ட் ஆர்தரில் துப்பாக்கிச் சூட்டில் 35 பேர் செத்த பிறகு 1996இல் வந்தது. வன்முறைத் தடை உத்தரவு விழுந்தவருக்கு, அது பின்னால் ரத்தாகியிருந்தால் தவிர, 10 ஆண்டுக்கு லைசென்ஸ் கிடையாது. தீர்ப்பாயமும் உத்தரவில் ஓட்டை தேடுவதோடு நிற்காமல், இந்த ஆள் கையில் ஆயுதம் இருக்கலாமா என்று கோப்பை முதலிலிருந்து பார்க்கிறது. இங்கே 2005 குடும்ப வன்முறைச் சட்டம் ஒரு பக்கம், ஆயுதச் சட்டம் ஒரு பக்கம். இரண்டும் ஒன்றையொன்று எட்டிப் பார்ப்பதில்லை. முதலாவதின் விதிகளில், மாஜிஸ்திரேட் எழுத்தில் சொன்னால் பாதுகாப்பு அலுவலர் போலீஸ் துணையோடு ஆயுதத்தைக் கைப்பற்ற உதவலாம் என்று ஒரு வரி இருக்கிறது. எத்தனை பேர் அதைக் கேட்டு மனுப் போடுகிறார்கள்?

அவளிடம் அந்த வழியைச் சொன்னேன். சமூகநலத் துறையின் பாதுகாப்பு அலுவலரிடம் போய், துடைக்கிற கதை உட்பட எல்லாவற்றையும் சம்பவ அறிக்கையில் பதிவு செய்யச் சொன்னேன். ஜீவனாம்சமும் அதே மனுவில் கேட்கலாம், அப்போது சம்பளத்துக்காகத் துப்பாக்கியைத் திரும்பக் கேட்க வேண்டியதில்லை. துப்பாக்கி இல்லாத வாட்ச்மேன் வேலைக்கு அவர் போகட்டுமே, சம்பளம் குறையும், ஆனால் வரும். அவளுக்குப் பாதி சம்மதம். தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, யோசிக்கிறேன் அக்கா என்று பஸ் ஏறிவிட்டாள்.

நீ எனக்கு ஒரு காரியம் செய்ய வேண்டும். லைசென்ஸ் ரத்தான பிறகு மனைவியே வந்து ‘எனக்குப் பயமில்லை’ என்று எழுதிக் கொடுத்தால் உங்கள் தீர்ப்பாயம் அதை எப்படி எடுத்துக்கொள்கிறது? அவளைத் தனியாகக் கேட்கிறார்களா, இல்லை தாளை மட்டும் பார்க்கிறார்களா? அந்தத் தெருக்காரர் வழக்கில் தீர்ப்பு வந்தால் நகலைப் படம் எடுத்தாவது அனுப்பு. இங்கே அப்பீலுக்கு இன்னும் தேதி போடவில்லை, அதனால் அவசரமில்லை. ஆனால் மறந்துவிடாதே.

அன்புடன்,
சாந்தி