ஃபேமிலி பாஸ்: கொடுத்த பணத்தைத் திருப்பித் தரக் கோரும் புகார்

அனுப்புநர்:
ஃபேமிலி பாஸ் வாடிக்கையாளர்,
சிங்காநல்லூர், கோயம்புத்தூர்.

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு,
தலைமை அலுவலகம், சென்னை.

நாள்: 19.01.2026

பொருள்: கோவை ஃபேமிலி பாஸுக்குக் கட்டிய 1,799 ரூபாயைத் திருப்பித் தருவது, புத்தகத்தில் உள்ள தவறான விவரங்களை நீக்குவது தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

14.12.2025 அன்று எங்கள் ஊர் மால் ஒன்றில் நீங்கள் போட்டிருந்த ஸ்டாலில் இந்த பாஸை வாங்கினேன். நான்கு பேருக்கு ஒரு வருடம் செல்லும் என்றார்கள். கூடவே ஒரு கூப்பன் புத்தகமும் கொடுத்தார்கள். 'கோவையில் குடும்பத்தோடு கொண்டாட 60 இடங்கள், 14,000 ரூபாய் மதிப்பு' என்று அட்டையிலேயே பெரிதாகப் போட்டிருக்கிறது. அரையாண்டு விடுமுறைக்குக் குழந்தைகளை எங்கேயாவது கூட்டிப்போக வேண்டுமே என்றுதான் வாங்கினேன். 30.12.2025 அன்று உங்களுக்கு மின்னஞ்சலில் புகார் அனுப்பினேன். 'உங்கள் கருத்துக்கு நன்றி, மேலும் பல சலுகைகளுக்கு எங்கள் செயலியைப் பதிவிறக்குங்கள்' என்று பதில் வந்தது. நான் அனுப்பியது கருத்து இல்லைங்க, புகார். அதனால்தான் இப்போது விரைவுத் தபாலில் எழுதுகிறேன்.

முதலில் பூங்காக்கள். புத்தகத்தில் 12 இடங்களைப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் நேராக 'நுழைவு இலவசம், நபருக்கு 100 ரூபாய் மதிப்பு' என்று அச்சடித்திருக்கிறீர்கள். நான்கு பேருக்குக் கணக்குப் போட்டால் இதுவே 4,800 ரூபாய். அட்டையில் சொன்ன 14,000 ரூபாயில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இங்கேயே வந்துவிடுகிறது. சரி, அந்த இடங்கள் எவை? முதல் இடம் ரேஸ் கோர்ஸ் நடைபாதை. ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் மாநகராட்சி சீரமைத்த, சுமார் இரண்டரை கிலோமீட்டர் சுற்று அது. விடியற்காலையில் பாதிக் கோயமுத்தூர் அங்கேதான் நடக்கிறது. டிக்கெட் கிடையாது, கேட் கிடையாது, டிக்கெட்டைக் கிழித்துக் கொடுக்க ஆளும் கிடையாது. நாலு பக்கமும் ரோடு. அதற்குள் நுழைய என்னிடம் 100 ரூபாய் மதிப்புள்ள அனுமதி இருக்கிறது என்று உங்கள் புத்தகம் சொல்கிறது. அடுத்தது வாலாங்குளக் கரை. அங்கே கரையில் நடக்க உங்கள் தயவு தேவையில்லை. காசு கேட்பது படகுக்குத்தான், அந்தப் படகுக்கு உங்கள் பாஸ் செல்லாது. அப்புறம் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து லேஅவுட்டில் உள்ள மாநகராட்சிப் பூங்கா. இரண்டு ஊஞ்சலும் ஒரு சறுக்குமரமும் உள்ள இடம். என் பையன் தினமும் மாலையில் அங்கேதான் விளையாடுகிறான். அவன் இவ்வளவு நாளாக இலவசமாக விளையாடிக்கொண்டிருந்ததை நான் காசு கொடுத்து வாங்கியிருக்கிறேன். ஊர்க் கிணற்றுத் தண்ணீரைக் குடத்தில் மொண்டு ஊர்க்காரனிடமே விற்கிற கதைதான் இது.

டிக்கெட் உள்ள இடங்களிலாவது சலுகை கிடைத்ததா என்றால், அதுவும் இல்லை. வ.உ.சி. பூங்காவுக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கி, 'மிருகக்காட்சி சாலையில் முதலை, மான், பாம்புகளைக் கண்டு மகிழுங்கள்' என்று மான் படத்தோடு போட்டிருக்கிறீர்கள். அந்த மிருகக்காட்சி சாலையின் அங்கீகாரத்தை மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் 2022 ஜனவரியிலேயே ரத்து செய்துவிட்டது. போதிய இடவசதி இல்லை என்பது காரணம். அதன்பின் அங்கிருந்த விலங்குகளைப் படிப்படியாக வேறு இடங்களுக்கு அனுப்பினார்கள். இந்த ஊரில் தினத்தந்தி படிக்கிற எல்லோருக்கும் தெரிந்த சேதி. ஆனால் மூன்று வயதுக் குழந்தைக்குத் தெரியாது. உங்கள் புத்தகத்தில் மானைப் பார்த்துவிட்டு வாரம் முழுக்க 'மானு, மானு' என்று கேட்டுக்கொண்டிருந்தவளிடம் நான் ஆணையத்தின் உத்தரவை எப்படி விளக்குவது?

அவிநாசி சாலையில் உள்ள ஜி.டி. கார் மியூசியத்துக்கு '10% தள்ளுபடி, தினமும் திறந்திருக்கும்' என்று போட்டிருக்கிறது. திங்கட்கிழமை அங்கே விடுமுறை. நாங்கள் போன டிசம்பர் 29 திங்கட்கிழமை. மியூசியத்தார் தங்கள் விடுமுறையை ஒளித்து வைக்கவில்லை, ஒரு போன் போட்டுக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். கேட்கத்தான் உங்களிடம் ஆள் இல்லை. 2025 நவம்பரில் காந்திபுரத்தில் செம்மொழிப் பூங்கா திறந்தார்கள். மத்திய சிறை வளாகத்து நிலத்தில் 45 ஏக்கரில் அமைத்தது. ஊரே அதைப் பற்றித்தான் பேசியது. டிசம்பரில் நீங்கள் விற்ற புத்தகத்தில் அதன் பெயரே இல்லை. இதை எல்லாம் பார்த்தால், புத்தகத்தைத் தயாரித்தவர் கோயம்புத்தூர்ப் பக்கம் வந்ததே இல்லை என்றுதான் தோன்றுகிறது.

உணவகங்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். என் முக்கியமான புகாரும் இதுதான். புத்தகத்தில் ஒவ்வொரு உணவகத்துக்கும் பக்கத்தில் 'குடும்பத்துக்கு ஏற்றது' என்று ஒரு பச்சை டிக் இருக்கிறது. பின்பக்கத்தில் அதற்கு விளக்கமும் உண்டு: குழந்தை நாற்காலி, முதியோர் எளிதாக வர வசதி, சுத்தமான கழிப்பறை, காரம் குறைந்த உணவு. எங்கள் குழு நேரில் சரிபார்த்தது என்றும் எழுதியிருக்கிறீர்கள். நான் பாஸ் வாங்கியது தள்ளுபடிக்காக அல்ல, அந்த ஒரு வரிக்காகத்தான். என் அத்தைக்கு முழங்கால் வலி. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு எனக்குச் சாப்பிட முடியாது. அந்த நான்கு விஷயமும் சரியாக இருந்தால் தோசை இருபது ரூபாய் கூட இருந்தாலும் பரவாயில்லை என்று போகிற ஆள் நான்.

பச்சை டிக் வாங்கிய ஓர் உணவகத்துக்குப் போனோம். கடை முதல் மாடியில். லிஃப்ட் இல்லை. படிக்கட்டு செங்குத்தாக, கைப்பிடி ஒரு பக்கம் மட்டும். அத்தை பாதிப் படியில் நின்று, 'நீங்க போய்ச் சாப்பிட்டுட்டு வாங்க, நான் கீழ பேக்கரில ஒரு டீ குடிச்சுட்டு உக்காந்திருக்கேன்' என்றார். நாங்கள் விடவில்லை, மெதுவாக ஏற்றிக் கூட்டிப்போனோம். உள்ளே குழந்தை நாற்காலி கேட்டேன். இருந்தது. கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில், மேலே இருபது லிட்டர் தண்ணீர் கேன் உட்கார்ந்திருந்தது. கேனை இறக்கி, ஈரத்துணியால் துடைத்துக் கொண்டுவந்தார்கள். பெல்ட் ஒரு பக்கம் அறுந்து, அந்த இடத்தில் சணல் கயிறு கட்டியிருந்தது. முன்னால் இருக்க வேண்டிய தட்டுப் பலகையே இல்லை. புத்தகத்தில் உள்ள படத்தில் ஒரு குழந்தை சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறதே, அந்த நாற்காலி எந்த நாட்டில் இருக்கிறது என்று தெரிவித்தால் நல்லது. கழிப்பறையைப் பற்றி எழுத விருப்பமில்லை.

சாப்பிட்டு முடித்து 20% கூப்பனை நீட்டினால், பில் போடுகிறவர் ஒரு நிமிடம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, 'இதெல்லாம் போன வருசமே நிறுத்தியாச்சுங்க' என்றார். மேலாளர் வந்தார், மரியாதையாகத்தான் பேசினார். 'ஒருத்தர் வந்து ஒரு பேப்பர்ல கையெழுத்து வாங்கிட்டுப் போனாருங்க. ஒரு வருசத்துக்குத்தான் ஒத்துக்கிட்டோம். அப்புறம் ஆளே வரலீங்க' என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. காலாவதியான ஒப்பந்தத்தை மறுபடி அச்சடித்து விற்றது நீங்கள்.

இன்னொரு இடத்தில் கூப்பனை வாங்கிக்கொண்டார்கள். பில் 1,150 ரூபாய். 10% தள்ளுபடி போக 1,035. அதன் மேல் சர்வீஸ் சார்ஜ் 10%, அதாவது 103 ரூபாய் 50 பைசா. ஜிஎஸ்டி கணக்குக்கு முன் எனக்கு மிச்சம் பதினொன்றரை ரூபாய். உணவகங்கள் சர்வீஸ் சார்ஜைத் தாமாகவே பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. டெல்லி உயர் நீதிமன்றமும் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. இதைச் சொன்னதும் சார்ஜை எடுத்துவிட்டார்கள். கூடவே கூப்பனையும் என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். 'கூப்பன் பில்லுக்குச் சர்வீஸ் சார்ஜ் உண்டுன்னு கம்பெனிலதாங்க சொல்லியிருக்காங்க' என்றார் அந்தப் பையன். கம்பெனி என்றால் நீங்கள்தானே? இது உண்மையா என்று எழுத்தில் பதில் வேண்டும்.

மொத்தப் புத்தகத்திலும் சொன்னபடி நடந்தது ஒரே ஒரு கூப்பன். ஒரு சின்ன பேக்கரி. இரண்டு டீ வாங்கினால் ஒரு தேங்காய் பன் இலவசம். உரிமையாளர் பேசாமல் பன்னை எடுத்துக் கொடுத்தார். 'இதற்கு உங்களுக்குப் பணம் வருமா?' என்று அவரிடம் கேட்டேன். பன்னுக்குப் பாதி விலை மாதாமாதம் தருவதாகச் சொன்னார்களாம், இதுவரை ஒரு பைசா வரவில்லையாம். 'குழந்தையோட வந்து கேக்கறாங்க, இல்லைன்னு எப்படிங்க சொல்றது' என்கிறார். அவருக்குத் தர வேண்டியதைத் தயவுசெய்து கொடுத்துவிடுங்கள். இது என் புகாரில் சேராது, இருந்தாலும் எழுதுகிறேன்.

'உள்ளூர்க் கடைகள்' என்ற பகுதியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். இருப்பது எல்லாம் மால்களில் உள்ள ஷோரூம்கள், எந்த ஊருக்குப் போனாலும் இருக்கிற அதே பெயர்கள். 5,000 ரூபாய்க்கு வாங்கினால் 200 ரூபாய் குறைப்பார்களாம். ஒப்பணக்கார வீதியும் பெரிய கடை வீதியும் ரங்கே கவுடர் வீதியும் கிராஸ் கட் ரோடும் இல்லாத கோவைக் கடைப் பட்டியலை இப்போதுதான் முதல் முறையாகப் பார்க்கிறேன். சாயங்காலமானால் தள்ளுவண்டியைச் சுற்றிக் குடும்பம் குடும்பமாக நின்று காளான் சாப்பிடுகிற ஊர் இது. அதற்கும் உங்கள் புத்தகத்தில் இடமில்லை. வண்டிக்காரர் கையெழுத்துப் போட மாட்டார் என்பதால் இருக்கலாம்.

இனி நான் கேட்பது. 1,799 ரூபாயையும் முழுதாகத் திருப்பித் தர வேண்டும். 'பயன்படுத்திய கூப்பனைக் கழித்துக்கொள்வோம்' என்றால், ஒரு தேங்காய் பன்னின் விலையைக் கழித்துக்கொள்ளுங்கள், சம்மதம். நேரில் சரிபார்த்ததாகச் சொல்லும் அந்தப் பச்சை டிக்கை, உண்மையிலேயே சரிபார்க்கும் வரை எல்லாப் பக்கங்களிலும் இருந்து எடுக்க வேண்டும். யாருக்கும் கட்டணம் இல்லாத இடங்களுக்கு ரூபாய் மதிப்புப் போடுவதை நிறுத்த வேண்டும். கையில் இருக்கிற மீதிப் புத்தகங்களைப் பொங்கல் தள்ளுபடி என்று போட்டு விற்றுத் தீர்க்க வேண்டாம். போன வாரமும் அதே மாலில் உங்கள் ஸ்டால் இருந்ததை என் கணவர் பார்த்துவிட்டு வந்தார்.

'விற்ற பாஸுக்குப் பணம் திரும்பத் தரப்படாது. வழக்குகள் சென்னை நீதிமன்ற எல்லைக்கு உட்பட்டவை' என்று கடைசிப் பக்கத்தில் எறும்பு சைஸ் எழுத்தில் இருப்பதையும் படித்துவிட்டேன். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமும் இல்லை, வக்கீல் வைக்க வேண்டிய அவசியமும் இல்லை. இல்லாத வசதியை இருப்பதாகச் சொல்லி விற்பது அந்தச் சட்டத்தில் நேர்மையற்ற வணிக நடைமுறை. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க முடியும். பயமுறுத்த எழுதவில்லை. மின்னஞ்சலுக்கு வந்த மாதிரியே இதற்கும் பதில் வந்துவிடக் கூடாது என்றுதான் எழுதுகிறேன். இந்தக் கடிதம் கிடைத்து 15 நாட்களுக்குள் பணம் வராவிட்டால் முதலில் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்வேன். அதற்கும் அசையவில்லை என்றால் கோவை மாவட்ட ஆணையம்.

பில் நகல், பாஸ் நகல், நாற்காலியின் புகைப்படம், உங்கள் மின்னஞ்சல் பதில் ஆகியவற்றை இணைத்திருக்கிறேன். பாஸ் வாங்கியபோது பணம் அனுப்பிய அதே கணக்குக்கே திருப்பி அனுப்பலாம். பேச வேண்டும் என்றால் காலை பத்து மணிக்கு மேல் கூப்பிடுங்கள், அதற்கு முன் பிள்ளைகளை ஸ்கூலுக்குக் கிளப்புகிற நேரம். புது வருடச் சலுகை பாஸ் பற்றிப் பேசுவதாக இருந்தால் கூப்பிடவே வேண்டாம்.

இப்படிக்கு,
சிங்காநல்லூர் வாடிக்கையாளர்