இணையதளக் கோப்புகளை ஏற்றும்போது

ஆசிரியருக்கு,

திருப்பூர் பனியன் கம்பெனி, சென்னிமலைப் போர்வைக் கடை, ஈரோட்டு மஞ்சள் மண்டி என எல்லோரும் இணையதளம் வைத்துக்கொள்கிறார்கள். ஏற்றும்போது செய்யும் பிழைகள் மட்டும் மாறுவதே இல்லை.

பெரும்பாலான ஹோஸ்டிங் (தளத்தை வைக்க வாடகைக்கு எடுக்கும் இடம்) கணக்குகளில் தளக் கோப்புகள் 'பப்ளிக் ஹெச்டிஎம்எல்' ஃபோல்டருக்குள் நேராக இருக்க வேண்டும். ஏற்றிய ஜிப்பை (பல கோப்புகளை ஒன்றாகச் சுருக்கிக் கட்டியது) பிரிக்கும்போது சிலசமயம் உள்ளே இன்னொரு ஃபோல்டர் உருவாகி, முகப்புக் கோப்பான 'இண்டெக்ஸ்' அதற்குள் போய்விடும். தளத்தைத் திறந்தால் 403 பிழை (பார்க்க அனுமதியில்லை), அல்லது வெறும் கோப்புப் பட்டியல். கணினியில் தெரிந்த படம் தளத்தில் தெரியவில்லையா? பெயரைப் பாருங்கள். ஆங்கிலப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் விண்டோஸுக்கு ஒன்று, தளம் இருக்கும் லினக்ஸ் சர்வருக்கு வேறு வேறு.

ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளை எஃப்டிபியில் (சர்வருக்குக் கோப்பு அனுப்பும் முறை) ஏற்றினால் இணைப்பு பாதியில் அறுந்து, சில கோப்புகள் 0 பைட்டில் நின்றுவிடும். ஒரே ஜிப்பாக ஏற்றி அங்கேயே பிரிப்பது மேல். சாதாரண எஃப்டிபியில் பாஸ்வேர்டு மறைக்கப்படாமலே போகும். அதை மறைத்து அனுப்பும் எஸ்எஃப்டிபி (போர்ட் 22) இருந்தால் அதையே பயன்படுத்துங்கள்.

யார் படிக்கலாம், யார் மாற்றலாம் என்பதைச் சொல்லும் அனுமதி எண் கோப்புக்கு 644, ஃபோல்டருக்கு 755. '777 (யாரும் மாற்றலாம்) போட்டால் ஓடும்' என்பார்கள். ஓடும்தான், பூட்டாத கடையில் வியாபாரம் ஓடுவதுபோல.

வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் செய்த தளமென்றால் கோப்புகளை மட்டும் நகலெடுத்துப் பயனில்லை. பக்கங்களின் எழுத்தெல்லாம் டேட்டாபேஸில் (தகவல் தனியே சேமிக்கப்படும் இடம்) இருக்கிறது. அதையும் தனியே எடுத்து, அதே சர்வரில் விடாமல் கைவசம் வையுங்கள்.

இணையதள வடிவமைப்பாளர்கள்,
திருப்பூர்