பொன்னாடை போதாது, பாட்டைப் பதிவு செய்யுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

நவம் போயாவை ஒட்டிய நாட்களில் ராஜஸ்தானில் உள்ள ஜெய்சல்மேருக்குப் போய் வந்தேன். ஆண்டுதோறும் மாக மாதப் பூரணையை ஒட்டி அங்கே பாலைவனத் திருவிழா நடக்கும். ‘மரு மகோத்சவ்’ என்று சொல்கிறார்கள். பலாலியில் விமானம் ஏறிச் சென்னைக்குப் போனேன். அங்கிருந்து தங்கையின் குடும்பத்தோடு ரயிலில் இரண்டு இரவுப் பயணம். இந்த வயதில் ஏன் இந்த அலைச்சல் என்று வீட்டில் கேட்டார்கள். பள்ளிக்கூடங்களில் முப்பது வருடம் சங்கீதம் படிப்பித்தவள் நான். மங்கணியார் என்ற பாட்டுக்காரர்களை அவர்களுடைய மண்ணிலேயே ஒருமுறை கேட்டுவிட வேண்டும் என்று நெடுநாளாய் ஆசை.

திருவிழா கடிசர் குளத்தங்கரையில் இருந்து ஊர்வலமாய்த் தொடங்கியது. அலங்கரித்த ஒட்டகங்கள், தலையில் குடம் ஏந்திய பெண்கள், பின்னால் மேளகாரர். தலைப்பாகை கட்டும் போட்டி, மீசைப் போட்டி, ஒட்டகப் போலோ எல்லாம் பார்த்தோம். தங்கையின் பேரப்பிள்ளைகளுக்கு அவை போதும். கருப்புப் பாவாடை சுழலக் கால்பேலியாப் பெண்கள் ஆடியதைப் பார்த்தபோது எனக்கு மனம் கனத்தது. பாம்பாட்டிகளாய் அலைந்த இனம் அது. இந்தியாவின் 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு பாம்பை வைத்துப் பிழைக்க வழியில்லாமல் போக, ஆட்டமே அவர்களுக்குச் சோறு போட்டது. 2010 இல் யுனெஸ்கோ அந்தப் பாட்டையும் ஆட்டத்தையும் மனித குலத்தின் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

கடைசி நாள் மாலை நகரில் இருந்து நாற்பது கிலோமீற்றர் அளவில் உள்ள சாம் மணல்மேடுகளுக்குப் போனோம். மணலில் செருப்பைக் கழற்றியதும் எனக்கு மணற்காடு நினைவுக்கு வந்தது. நான் குடத்தனைக்காரி. சின்ன வயதில் மணற்காட்டு மேடுகளில் ஏறி உருண்ட கால்கள் இவை. எங்கள் மணலில் உப்புக்காற்று இருக்கும், அங்கே அது இல்லை. பொழுது பட்டதும் சூடு சட்டென்று இறங்கிக் கால் விறைத்துப்போனது. ஜீப்புகள் மேட்டில் ஏறி இறங்குவதும், கூடாரங்களில் சினிமாப் பாட்டு அலறுவதும், பிளாஸ்ரிக் போத்தல்கள் மணலில் புதைந்து கிடப்பதும் எனக்குப் பிடிக்கவில்லை. அதையும் எழுதத்தான் வேண்டும்.

ஆனால் மங்கணியார் பாடத் தொடங்கியபோது எல்லாம் மறந்துபோனது. அவர்கள் முஸ்லிம்கள். தலைமுறை தலைமுறையாக இந்து ராஜபுத்திரக் குடும்பங்களின் கலியாணத்திலும் பிள்ளைப்பேற்றிலும் பாடுகிறவர்கள். கிருஷ்ணனையும் பாடுவார்கள், சூஃபி ஞானிகளின் பாட்டையும் பாடுவார்கள். கமாய்ச்சா என்ற அவர்களுடைய வாத்தியத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தேன். மாமரத்தைக் குடைந்த பெரிய வட்டக் குடம், மேலே ஆட்டுத்தோல், ஆட்டுக்குடல் நரம்பு, குதிரைமயிர் வில். வயலின் படித்த என் காதுக்கு அந்த நாதம் தொண்டை கரகரத்த கிழவர் பேசுவது போல இருந்தது. அருகில் எட்டு வயது மதிக்கத்தக்க ஒரு பொடியன், கைக்கு இரண்டாக மரப்பலகைகளைப் பிடித்துக் கர்த்தால் அடித்துக்கொண்டிருந்தான். தாத்தாவின் முகத்தைப் பார்த்தபடியே அடித்தான். ஒரு இடமும் பிசகவில்லை.

பாட்டு முடிந்ததும் என் பெறாமகனை ஹிந்தியில் பேசச் சொல்லி, அந்தப் பெரியவரிடம் ஒன்று கேட்டேன். “உங்கள் அப்பாவின் பாட்டு உங்களிடம் இருக்கிறதா?” அவர் பேரனைக் காட்டினார். பிறகு சட்டைப்பையில் இருந்து கைபேசியை எடுத்து, இரைச்சலோடு கூடிய ஒரு பழைய ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டினார். அவருடைய தகப்பனின் குரல்.

அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

அங்கே பதிவு செய்யும் வேலை நெடுங்காலமாய் நடந்து வருகிறது. கோமல் கோத்தாரி என்ற அறிஞர் 1960 இல் எழுத்தாளர் விஜயதான் தேதாவோடு சேர்ந்து போருந்தா என்ற கிராமத்தில் ரூபாயன் சன்ஸ்தான் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். ஊர் ஊராய்ப் போய் மங்கணியாரையும், லங்கர் என்ற இன்னொரு பாட்டுக்கார இனத்தையும் ஒலிநாடாவில் பிடித்தார். பாட்டை மட்டுமல்ல, எந்தப் பாட்டு எந்தச் சடங்குக்கு, யார் யாருக்குப் பாடுவது என்பதையும் குறித்து வைத்தார். ஹமீரா கிராமத்துக் கமாய்ச்சாக் கலைஞர் சாகர் கான் 2012 இல் பத்மஸ்ரீ பெற்றார். அடுத்த ஆண்டே காலமானார். அவருடைய வாசிப்பு பதிவில் இருக்கிறது.

எங்களிடம் என்ன இருக்கிறது?

என் ஐயா, காத்தவராயன் கதையை ஆடும் காத்தான் கூத்துக்கு உடுக்கடித்துப் பாடியவர். மாரியம்மன் கோயில் நேர்த்திக்காக விடிய விடிய ஆடும் சிந்துநடைக் கூத்து. ஆரியமாலையைத் தேடிக் காத்தான் வரும் இடத்தில் ஐயா குரலை இழுக்கும் விதத்துக்காகவே கரவெட்டியில் இருந்தெல்லாம் ஆட்கள் வருவார்கள். ஒரேயொரு கசற்றில் ஒருவர் அதைப் பதிந்து தந்திருந்தார். 1987 இல் சண்டைக்குப் பயந்து ஓடியபோது வீட்டில் விட்டு ஓடினோம். திரும்பி வந்தபோது வீட்டுக் கூரையே இல்லை. இன்றைக்கு எனக்கு அந்த மெட்டில் பாதிதான் ஞாபகம். சங்கீதம் படித்த மகள் நான், எனக்கே பாதிதான்.

நூல்களைப் பொறுத்தவரை நாங்கள் பாடம் படித்தவர்கள். 1981 இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்த வேதனைதான், இன்று ஏட்டையும் பத்திரிகையையும் எண்ணிமமாக்கும் நூலகம் நிறுவனத்தின் உழைப்பு வரை எங்களைக் கொண்டு வந்தது என்று நினைக்கிறேன். குரலுக்கும் அதே அக்கறை வேண்டும். கூத்துப் பழக்கும் அண்ணாவிமாரும் ஒவ்வொருவராய்ப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு கலாசார விழாவுக்குப் போயிருந்தேன். எங்கள் ஊர் அண்ணாவியார் ஒருவரைக் கௌரவிப்பதாக அழைத்திருந்தார்கள். மூன்று மணித்தியாலம் பேச்சு நடந்தது. அவருக்குக் கிடைத்தது பத்து நிமிடம். காப்புப் பாடி முடிக்கவே அது காணாது. மணி அடித்தார்கள். பொன்னாடை போர்த்திப் படம் எடுத்தார்கள். பாடியதை ஒருவரும் பதியவில்லை. அந்தப் பொன்னாடையை மடித்து மடியில் வைத்தபடி அவர் பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்து வந்தார். வழி முழுக்க ஒன்றும் பேசவில்லை.

பறைமேளம் அடித்தவர்களின் கதை வேறு. அவர்களுடைய பிள்ளைகள் மேளத்தைத் தொட மறுக்கிறார்கள். தொடாதே என்று தகப்பன்மாரே சொல்கிறார்கள். முற்றத்துக்கு வெளியே நிறுத்தி அடிக்கச் சொன்ன ஊர் இது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. மங்கணியாரும் எசமான் வீட்டில் கீழே இருந்து பாடியவர்கள்தான் என்று பெறாமகன் சொன்னான். ஆனால் இன்று அவர்கள் மேடையில் தங்கள் பெயரோடு ஏறுகிறார்கள், கூலி பேசி வாங்குகிறார்கள். பறையைப் பதிவு செய்யப் போகிறவர்கள் முதலில் அந்த மரியாதையையும் கூலியையும் கையில் எடுத்துக்கொண்டு போக வேண்டும்.

ஒட்டகத் திருவிழாப் போல இங்கேயும் ஒன்று வேண்டும் என்று நான் கேட்கவில்லை. மணற்காட்டு மேடுகளில் ஜீப் ஓடவே வேண்டாம், லொறிகளில் மணல் போனது காணும். நான் கேட்பது சிறிய காரியம். விழா நடத்தும் ஒவ்வொரு பிரதேச செயலகமும் மேடை அலங்காரத்துக்குச் செலவழிப்பதில் ஒரு பங்கை எடுத்து, தன் பிரிவில் உள்ள ஒரு அண்ணாவியாரை, ஒரு உடுக்குக்காரரை, ஒரு ஒப்பாரி பாடும் ஆச்சியை, அவர்கள் வீட்டு விறாந்தையிலேயே இருத்தி முழுதாய்ப் பதியட்டும். யாழ். பல்கலைக்கழகத்தில் இசை படிக்கும் பிள்ளைகளை அதற்கு அனுப்பலாம். எந்தச் சடங்குக்கு எந்தப் பாட்டு, யாரிடம் படித்தது என்பதையும் எழுதி வாங்கட்டும். உங்கள் பத்திரிகை வாரம் ஒருவரைப் பற்றி எழுதினாலும் பெரிய உதவி.

ஊர் திரும்பியதும் நான் முதலில் போனது அந்த அண்ணாவியார் வீட்டுக்குத்தான். வயது எண்பத்தொன்று. ஜெய்சல்மேர்க் கதையை எல்லாம் கேட்டுவிட்டுச் சொன்னார்: “ஆரும் வந்து பதியிறதெண்டால் சொல்லு பிள்ளை. முழுக் கூத்தும் எனக்குப் பாடம். ஆனால் பகலிலை வரச்சொல்லு, இரவிலை இப்ப மூச்சு முட்டுது.”

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற சங்கீத ஆசிரியை,
குடத்தனை, வடமராட்சி.