ஓடிபி முகப்போடு நின்றுவிடுகிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வங்கி வேலையோ வரி கட்டும் வேலையோ, எதுவானாலும் இனி உட்கார்ந்த இடத்திலேயே முடித்துக்கொள்ளலாம் என்று சென்ற வாரம் உங்கள் இதழில் ஒரு கட்டுரை வந்திருந்தது. 'உட்கார்ந்த இடத்திலேயே' என்ற இடத்தில் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அடுப்படியிலிருந்து ஆத்தா, அதாவது என் தாயார், என்னவென்று கேட்டார்கள்.

நாங்கள் இருப்பது கானாடுகாத்தானை அடுத்த ஒரு சிற்றூரில், முன் தெருவில் தொடங்கிப் பின் தெருவில் முடிகிற பழைய வீடு. செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு, கதவைத் திறந்தால் நிலைக்குள்ளேயே ஓர் ஆள் நிற்கலாம் என்னும்படியான கனத்தில் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். சித்திரை வெயில் உள்ளே எட்டிப் பார்ப்பதில்லை. செல்பேசி அலையும் அப்படித்தான். முகப்புத் திண்ணையின் தென்கோடித் தூணருகே மட்டும் இரண்டு கோடு காட்டும். கணினியும் அதற்கான இணையக் கம்பியும் உள்ளே, முற்றத்தைச் சுற்றிய வளவில் இருக்கின்றன. ஆகவே நான் 'உட்கார்ந்த இடத்தில்' பணம் கட்டுகிற முறை இது: செல்பேசியுடன் வீட்டுவேலைக்கு வரும் பெண் தூணருகே நிற்பாள். நான் வளவில் பொத்தானை அழுத்திவிட்டு "வந்துவிட்டதா?" என்று கத்துவேன். அவள் ஓடிபியின் ஆறு எண்களையும் ஒவ்வொன்றாக உரக்கச் சொல்வாள். நான்காவது எண் எதிரொலியில் கெட்டுவிடும். திரும்பக் கேட்பேன். அதற்குள் நேரம் முடிந்துவிட்டது என்று திரை சொல்லும். இந்த எண்ணை யாரிடமும் பகிராதீர்கள் என்று அந்தக் குறுஞ்செய்தியிலேயே எழுதியிருக்கிறது. எங்கள் தெருவில் அந்த எண் தெரியாதவர் எதிர்வீட்டுச் செவிட்டு ஐயா ஒருவர்தான்.

பழைய காலமே பொற்காலம் என்று புலம்பும் கடிதமாக இதைத் தள்ளிவிட வேண்டாம். நான் 31 ஆண்டுகள் மேல்நிலை வகுப்புகளுக்குக் கணக்குப்பதிவியல் நடத்தியவள். என் ஆத்தா திருமணமாகி வந்து அறுபது ஆண்டுகளில் ஒரு காசோலையில்கூடக் கையெழுத்துப் போட்டதில்லை. வீட்டுப் பணம் எங்கே இருக்கிறது என்று கேட்டதும் இல்லை. நான் என் ஓய்வூதியத்தை யாரையும் கேட்காமல் கையாள்கிறேன் என்றால் அதில் இந்தச் செல்பேசிக்கும் பங்கு உண்டு. மேலும், காரைக்குடிப் பக்கத்துக்காரர்களிடம் அறிவியலுக்கு எதிரி என்ற பேச்சு எடுபடாது. 1948இல் நேரு அடிக்கல் நாட்ட, அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து வந்த மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் எங்கள் காரைக்குடியில்தான் இருக்கிறது. மின்கலத்தை ஆராய்கிற ஊருக்கு அருகில் இருந்துகொண்டு, மாலை ஐந்து மணிக்கெல்லாம் படுத்துவிடும் செல்பேசியுடன் நான் மல்லுக்கட்டுகிறேன் என்பது வேறு கதை.

என் குறை ஒன்றே ஒன்றுதான். இயந்திரம் தவறு செய்தால் யாரைக் கேட்பது?

ஆடி மாதம் காரைக்குடியில் மளிகை வாங்கினேன். 2,340 ரூபாய். கடைக்காரரின் க்யூஆர் அட்டையை என் செல்பேசியில் காட்டிப் பணம் அனுப்பினேன். என் கணக்கில் பணம் குறைந்துவிட்டது. கடையிலிருந்த சின்ன ஒலிப்பெட்டி வாயைத் திறக்கவில்லை. பற்று ஒன்று எழுதினால் வரவு ஒன்று எழுதியாக வேண்டும் என்று எத்தனை பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லியிருப்பேன்! இங்கே பற்று இருக்கிறது, வரவு உலகத்தில் எங்கும் இல்லை. "பரவாயில்லை ஆச்சி, அடுத்த முறை வரும்போது கொடுங்கள்" என்று கடைக்காரர் ஒரு நாற்பது பக்க நோட்டில் குறித்துக்கொண்டார். நேரம் அரை நிமிடம்.

வங்கிக்குத் தொலைபேசி செய்தேன். தமிழுக்கு எண் ஒன்று, கணக்கு விவரத்துக்கு எண் இரண்டு. பதினோரு நிமிட இசைக்குப் பிறகு இணைப்பு அறுந்தது. கிளைக்குப் போனேன். "சிஸ்டத்தில் வெற்றி என்று காட்டுகிறது, நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது" என்றார்கள். யாருக்கு வெற்றி என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை, அந்தப் பெண் என் மாணவி. ஒன்பதாம் நாள் பணம் தானாகத் திரும்பி வந்தது. கடைக்குப் பணம் சேர்ந்த உறுதி கிடைக்காவிட்டால் ஐந்து நாட்களுக்குள் திருப்பிவிட வேண்டும், தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் வாடிக்கையாளர் கேட்காமலேயே தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் சுற்றறிக்கை விட்டிருக்கிறது. நான்கு நாள் தாமதத்துக்கு 400 ரூபாய் வர வேண்டும், வரவில்லை. பெரிய தொகை இல்லைதான். ஆனால் கணக்கு வாத்தியாரம்மாவுக்கு ஐந்து பைசா இடித்தாலும் தூக்கம் வராது. வங்கியில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். 30 நாள் பதில் இல்லாவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். போவேன்.

அடுத்தது வீட்டுப் பொதுக்கணக்கு. எங்கள் வீடு பதினொரு புள்ளிக்கு, அதாவது பதினொரு குடும்பங்களுக்கு, பொது. ஆளுக்கு ஓர் அறை, பராமரிப்புக்கு ஒரு வங்கிக் கணக்கு. அந்தக் கணக்கோடு இணைத்திருப்பது சிங்கப்பூரில் இருக்கும் என் சின்னப்பச்சி (சித்தப்பா) மகனின் பழைய எண். அவன் எனக்கு ஆறு வயது இளையவன், நல்ல பிள்ளை. சிம் அட்டையை மாற்றும்போது மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. ஆவணியில் இரண்டாங்கட்டு ஓடு மாற்ற ஆள் வைத்தேன். முன்பணம் எடுக்கப் போனால் ஓடிபி எங்கோ அனாதையாகப் போய்க்கொண்டிருக்கிறது. எண்ணை மாற்ற வேண்டுமென்றால் அவன் நேரில் வர வேண்டுமாம். கணக்கில் கையெழுத்திட்டவர்களில் நானும் ஒருத்தி, எதிரே உட்கார்ந்திருக்கிறேன், மேலாளருக்கு என்னை இருபது ஆண்டாகத் தெரியும். "எனக்குத் தெரிகிறது அம்மா, சிஸ்டத்துக்குத் தெரியவில்லையே" என்று அவரே வருத்தப்பட்டார்.

என் ஐயா (தாத்தா) ரங்கூனில் பெட்டியடியில் உட்கார்ந்து கணக்கெழுதியவர். மூன்று வருடக் கணக்குக்குக் கப்பலேறினால், முடித்துக்கொண்டுதான் ஊர் திரும்புவார். அவருடைய பேரேடுகள் இன்னும் மேல்மாடிப் பெட்டகத்தில் இருக்கின்றன. ஊரிலிருந்து போகும் கடிதம் கடலைத் தாண்டிப் போய்ச் சேர வாரக்கணக்கில் ஆகும். தாமதம் என்றால் அதுதான் தாமதம். ஆனால் ஐந்தொகையில் (இருப்புநிலைக் கணக்கில்) ஒரு ரூபாய் இடித்தால், எந்தக் கடையில் எந்த ஏஜெண்டின் கையெழுத்தைப் பார்த்துக் கேட்பது என்று முதலாளிக்குத் தெரியும். இன்று செய்தி ஒரு நொடியில் சிங்கப்பூர் போகிறது, கேட்பதற்குத்தான் ஆள் இல்லை.

ஆத்தாவின் ஆயுள் சான்றிதழ் கதையையும் சொல்லிவிடுகிறேன். என் தகப்பனார், அப்பச்சி, மத்திய அரசு வேலையில் இருந்தவர். ஆத்தாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் வருகிறது. 86 வயது. எண்பது தாண்டியவர்கள் அக்டோபரிலேயே சான்று கொடுத்துவிடலாம் என்பதால் ஐப்பசியிலேயே கணினி மையத்துக்கு அழைத்துப் போனேன். பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார்கள். அம்மியும் ஆட்டுக்கல்லும் கைமுறுக்கும் தேய்த்தது போக ரேகையில் மிச்சமில்லை. பக்கத்தில் ஆத்தங்குடிக்காரர் ஒருவர் வேறொரு வேலையாக நின்றுகொண்டிருந்தார். கண்ணாடித் தகட்டில் வண்ணக் கலவையை ஊற்றி, மேலே சிமெண்டை அப்பி அப்பி டைல்ஸ் செய்கிற கை. அவர் விரலையும் இயந்திரம் ஏற்கவில்லை. அவர் செய்த தரையைப் பார்க்க வெளிநாட்டிலிருந்து வருகிறார்கள். அவர்தான் அவர் என்பதற்கு அத்தாட்சி இல்லை. உழைத்த கைக்குத்தான் இந்தத் தண்டனை என்பதை இயந்திரம் வடிவமைத்தவர்கள் யோசித்திருக்க வேண்டும்.

கடைசியில் தபால்காரர் வீட்டுக்கே வந்தார். முகத்தைப் படமெடுத்துப் பதிகிற வசதி சில ஆண்டுகளாக இருக்கிறது, அதைச் செய்து பார்ப்போம் என்றார். முகப்பில் சிக்னல் உண்டு, ஆனால் மேகமூட்டத்தில் ஆத்தாவின் முகம் இருட்டாக விழுந்தது. வளவு வாசலில் வெளிச்சம் கொட்டுகிறது, சிக்னல் இல்லை. நாற்காலியோடு ஆத்தாவைத் தெருவில் கொண்டுபோய் உட்கார வைத்தோம். கண்ணைச் சிமிட்டச் சொன்னது திரை. கண்புரை அறுவை செய்த கண். ஆத்தா சிமிட்டாமல் இறுக மூடிக்கொண்டுவிட்டார்கள். மூன்று முறை. "உயிரோடுதான் இருக்கிறேன் என்று இந்தத் தம்பி சொன்னால் போதாதா?" என்று கேட்டார்கள். தபால்காரர் குனிந்து, "ஆச்சி, என்னைப் பார்த்துச் சிமிட்டுங்கள், அதைப் பார்க்க வேண்டாம்" என்று செல்பேசியைத் தன் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டார். நான்காம் முறை பச்சை விழுந்தது.

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. விரலோ முகமோ எண்ணோ ஒத்துவராதபோது, அடையாளம் கண்டு, தன் கையெழுத்தில் ஏற்றுக்கொள்ள அதிகாரமுள்ள ஓர் அலுவலர் ஒவ்வொரு கிளையிலும் இருக்க வேண்டும். அந்த அதிகாரம் அவருக்கு உண்டு என்பதைச் சுவரில் எழுதி ஒட்ட வேண்டும். இல்லாவிட்டால் "மேலிடத்தைக் கேளுங்கள்" என்ற பதில்தான் வரும். இது ஒன்றும் ஆகாத காரியம் அல்ல. 2024 ஜூலை 19 அன்று உலகெங்கும் கணினிகள் நீலத் திரையோடு நின்றபோது, நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்துப் பயணிகளை ஏற்றினார்கள். விமானத்துக்கு முடிந்தது ஓட்டுக் கூரைக்கு முடியாதா?

சிங்கப்பூர்த் தம்பி தைப் பொங்கலுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறான், வந்ததும் எண்ணை மாற்றிவிடலாம். அதுவரை மழைக்கு இரண்டாங்கட்டில் நான்கு பித்தளை அண்டாக்களை வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
சிவகங்கை மாவட்டம்